பதினான்கு கிலோமீட்டர் வெந்நீர்

பணிநாள் 6 — 07:10

பர்னர் எரிகிறது. தீ நீலம், நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். மீத்தேன் அழுத்தம் சரி. ஆக்சிஜன் அழுத்தம் சரி. போகும் வெந்நீர் 84 டிகிரி. திரும்பி வரும் நீர் 41. புகைபோக்கி வாயில் பனி கட்டியிருந்தது, கம்பியால் தட்டிவிட்டேன்.

யார் எடுத்துப் படித்தாலும் புரியும்படி பதிவேட்டை எழுத வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் இங்கே ஒரு நாள்கூட இருந்து பார்த்ததில்லை. போகட்டும், எழுதுகிறேன்.

இது டைட்டன். சனிக் கிரகத்தின் நிலா. வெளியே மைனஸ் 179 டிகிரி. நான் ப. மயிலாத்தாள், வயது ஐம்பத்து மூன்று. பெருந்துறைச் சாயப்பட்டறைகளில் இருபத்தாறு வருடம் பாய்லர் ஓட்டியவள். ஊரில் காற்று சும்மா கிடைக்கும், கேஸுக்குத்தான் குழாய் போட வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். ஏரி நிறைய மீத்தேன் கிடக்கிறது; அதை எரிக்க ஆக்சிஜனைத் தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். என் மூச்சும் அதே தொட்டியில்தான்.

அணு உலையின் பம்ப் பழுதாகி உலை நிறுத்தப்பட்டிருக்கிறது. குழுவில் ஏழு பேர் மேலே கப்பலுக்குப் போய்விட்டார்கள். பணிநாள் 17 அன்று மாற்றுப் பம்ப்போடு இறங்குவார்கள். அதுவரை சூடு என்பது இந்தக் கூடத்தில் இருக்கும் ஒரு பர்னர்தான். அதற்கு நான் காவல்.

இன்னொருவர் இருக்கிறார். நூஹு லெப்பை, காயல்பட்டினம், வயது முப்பத்து நாலு. பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக் கரைக் குடிலில். அங்கிருந்து மீத்தேனைக் குழாயில் எனக்கு அனுப்புவது அவர். இங்கிருந்து வெந்நீரைக் குழாயில் அவருக்கு அனுப்புவது நான். வெந்நீர் நின்றால் அவர் குடில் உறைந்துபோகும். வேறு சூடு அவருக்கு இல்லை.

காலை ரேடியோ (லாத்தா என்றால் அவர் ஊர்ப் பேச்சில் அக்கா):

நூஹு: "லாத்தா, குடில் பத்தொம்பது டிகிரி. கால்மாட்டுல பைப்பு, தலைமாட்டுல பைப்பு. உம்மா மடியில படுத்த மாதிரி தூங்குனேன்."

நான்: "தூங்குனது போதுங் கண்ணு, சல்லடையக் கழுவு. கேஸு இழுத்து இழுத்து வருது."

ஏரி மீத்தேனில் கோந்து மாதிரி ஒரு கசடு வரும். தினமும் சல்லடையைக் கழற்றிக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். கழுவிவிட்டார். அழுத்தம் சீரானது.

பணிநாள் 8 — 10:30

இன்று ஆயுத பூஜை. என் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். பாய்லர்காரி ஆயுத பூஜையை விட்டாள் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

பர்னரைத் துடைத்தேன். பம்ப், பேனல், ஸ்பேனர் செட், எல்லாவற்றுக்கும் குங்குமம். பர்னர் உடம்புக்கு மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை. ஊரிலிருந்து கொண்டு வந்த பொட்டலம், இரண்டு வருடமாகச் சிக்கனம் பிடித்தது, இன்று தாராளமாகப் பூசினேன். கற்பூரம் ஏற்ற அனுமதியில்லை. பார்வைத் துளைக்குள் நீலத் தீ எரிகிறதே, அதுவே ஆரத்தி என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இங்கே எடை ஏழில் ஒரு பங்குதான். கையை உதறினால் திருநீறு கீழே விழ மனமில்லாமல் காற்றிலேயே நிற்கிறது. கூடம் முழுக்க மெல்லிய வெள்ளை மூட்டம். பார்க்க அழகாக இருந்தது.

நூஹு: "பொரி கடலை எங்க லாத்தா? பூசைன்னா எங்க பக்கத்து வீட்டு ஒர்க்ஷாப்காரர் பெரிய பையா தருவாரே."

நான்: "வெந்நீர்ல போட்டு அனுப்பிச்சிருக்கறன், வந்து சேர்ந்ததும் எடுத்துக்க."

சிரித்தார். பதினான்கு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ரேடியோவை வைத்த பிறகு கூடத்தில் பர்னர் இரைச்சல் மட்டும். இரண்டு மணி நேரம் யாரிடமும் பேசாமல் இருந்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. வயசாகிறது.

பணிநாள் 9 — 11:45

பர்னர் தானாக நின்றது. பேனலில் "தீ இல்லை" என்ற சிவப்பு விளக்கு.

தீ இருந்தது. நான் அப்போது பார்வைத் துளை அருகேதான் நின்றிருந்தேன். நல்ல நீலத் தீ. வால்வு மூடிய பிறகுதான் அணைந்தது.

விவரம்: பர்னரின் பக்கத்தில் சுண்டுவிரல் அளவு ஒரு குழல் உண்டு. கண் என்போம். தீயிலிருந்து வரும் புற ஊதா ஒளியை அது பார்த்துக்கொண்டே இருக்கும். தெரியவில்லை என்றால் நாலு வினாடியில் கேஸ், ஆக்சிஜன் இரண்டையும் மூடிவிடும். மூடாவிட்டால் எரியாத கேஸ் உலைக்குள் சேர்ந்து, அடுத்த பொறியில் கூடமே போய்விடும். அதனால் கண் சொன்னால் பர்னர் கேட்டே ஆக வேண்டும்.

மறுபடி பற்றவைத்தேன். எரிந்தது. நாற்பது நிமிடத்தில் மறுபடி நின்றது. அப்புறம் இருபது நிமிடத்தில்.

பணிநாள் 10 — 09:20

நேற்றிலிருந்து பதினாறு முறை நின்றுவிட்டது. பார்த்தவை: ஆக்சிஜன் ரெகுலேட்டர், சரி. கேஸ் அழுத்தம், சரி. பொறிக் கம்பியின் இடைவெளி, சரி. எர்த் வயர், சரி. பேனலைப் பிரித்து ஒவ்வொரு முனையாக முறுக்கினேன், சரி. எல்லாம் சரி, பர்னர் மட்டும் நிற்கிறது. நோய் இல்லாத நோயாளியைப் போல் எரிச்சலூட்டுவது வேறு எதுவும் இல்லை.

கண்ணைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் அது உலைச் சுவரோடு இறுகியிருக்கிறது. கழற்ற உலையை ஆறு மணி நேரம் ஆறவிட வேண்டும். ஆறு மணி நேரம் வெந்நீர் இல்லாவிட்டால் நூஹுவின் குடில் தாங்காது. மாற்றுக் கண் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருப்பது வேறு மாடலின் கண். அனுப்பிய புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

பூமியிலிருந்து பதில் வர இரண்டே முக்கால் மணி நேரம். வந்தது:

தலைமையகம்: "கையேட்டின் ஏழாம் பகுதியைப் பின்பற்றவும். உலையைக் குளிரவைத்து உணரியைச் சுத்தம் செய்யவும்."

சொல்வது சுலபம்.

நூஹு: "குடில் பதினொண்ணு காட்டுது லாத்தா. கம்பளிக்குள்ள இருக்கேன். பரவால்ல. நீங்க பதறாதீங்கோ."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பதற்றம் கூடிப்போனது.

பணிநாள் 10 — 15:00

ஒரு காரியம் செய்தேன். எழுதி வைக்கிறேன்.

ஊரில் கண் மக்கர் பண்ணினால் சாயப்பட்டறையில் யாரும் பாய்லரை நிறுத்த மாட்டார்கள். தறி காத்திருக்கும், லாரி காத்திருக்கும். கண்ணுக்கு முன்னால் டார்ச் அடிப்போம், லைட்டரைக் காட்டுவோம். கண், தீ இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும். ஷிஃப்ட் முடிந்து எடுத்துவிடுவோம். தப்புத்தான். எல்லாரும் செய்வதுதான்.

குடிநீரைச் சுத்திகரிக்கும் புற ஊதா விளக்கைக் கழற்றி, கண்ணின் பின்பக்கத் துளையில் செருகி, டேப் சுற்றினேன். சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்தது. பர்னர் ஒருமுறைகூட நிற்கவில்லை. போகும் நீர் 84.

நூஹு: "சூடு வந்துட்டு லாத்தா! எப்படிச் சரி பண்ணுனிய?"

நான்: "கைப்பக்குவம் கண்ணு."

பெருமையாகத்தான் சொன்னேன். ஏழு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கப் போகிறேன்.

பணிநாள் 11 — 13:30

உலை வெடித்தது.

08:15. ஏரிச் சல்லடை அடைத்துக் கேஸ் சில நிமிடம் நின்றிருக்கிறது. தீ அணைந்திருக்கிறது. கண்ணுக்கு என் விளக்குத்தான் தெரிந்தது, வால்வை மூடவில்லை. ஆக்சிஜன் மட்டும் உலைக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நூஹு சல்லடையைக் கழுவி மாட்ட, கேஸ் திரும்பி வந்து, சிவந்திருந்த செங்கல்லில் பட்டு, ஒரே சத்தம்.

நான் பக்கத்து அறையில் இருந்தேன். இல்லாவிட்டால் இதை எழுத ஆள் இல்லை. வலது காதில் இரைச்சல் மட்டும் கேட்கிறது. உலைக் கதவு வளைந்துவிட்டது. பேனல் கருகிவிட்டது. பர்னர் தலை மட்டும் பிழைத்தது. கண் தூள் தூள்.

தூளைக் கூட்டி அள்ளும்போது கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம், பீங்கான் மேல் பூச்சு மாதிரி வெந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். வாசனை இல்லை. நாக்கில் வைத்தேன்.

திருநீறு.

கண் சூடாகாமல் இருக்க ஒரு குட்டி விசிறி கூடத்துக் காற்றை இழுத்து அதன் மேல் ஊதும். ஆயுத பூஜையன்று காற்றில் நின்றதே வெள்ளை மூட்டம், அது முழுவதையும் விசிறி இழுத்துக் கண்ணில் அப்பியிருக்கிறது. சூட்டில் அது வெந்து இறுகியிருக்கிறது. என் கையால் நானே பர்னரின் கண்ணைக் குருடாக்கினேன். அப்புறம் குருட்டுக் கண்ணுக்குப் பொய்த் தீயும் காட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் நமஸ்காரம் பண்ணியே கெடுத்தவள்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பதிவேட்டில் இதற்கு இடமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பணிநாள் 11 — 19:40

பர்னர் மறுபடி எரிகிறது. இப்போது பேனல் இல்லை, கண் இல்லை. நான்தான் கண்.

முறை: கேஸ், ஆக்சிஜன் இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஸ்பிரிங் வைத்த ஒரு கை நெம்புகோல் இருக்கிறது. அழுத்திப் பிடித்திருந்தால் திறந்திருக்கும். விட்டால் தானாக மூடிக்கொள்ளும். இடது கையில் நெம்புகோல், என் கண் பார்வைத் துளையில். தீ போனால் உடனே விட வேண்டும். வலது கையால் எழுதுகிறேன்.

தூக்கம் வந்தால் விட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கலாம். அதற்கு மேல் போனால் குழாய் ஆறிவிடும்.

இன்று எட்டரை மணி நேரம் குழாய் ஆறிக் கிடந்தது. வெந்நீர் மறுபடி போய்ச் சேர்ந்ததும் நூஹுவின் குடிலில் ஹீட்டர் குழாய் இரண்டு இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. அதை அடைத்துவிட்டார். இனி அவர் குடிலுக்குள் பாதிச் சூடுதான் போகும். கண் உடைந்துபோனது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பழசு என்றேன்.

பணிநாள் 12 — 14:00

குடில்: 4 டிகிரி. காலையில் 7 இருந்தது.

நான்: முப்பது நிமிடத் தூக்கம் நாலு முறை. இடது கை மரத்துப்போகிறது. கை மாற்றிக்கொள்கிறேன்.

நான் தூங்கிவிடாமல் இருக்க நூஹு ரேடியோவில் பேசிக்கொண்டே இருக்கிறார். காயல்பட்டினத்தில் அவர் தெருவில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். யார் வீட்டில் என்ன வண்டி, யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த வீட்டுப் பூனை எந்த வீட்டில் சாப்பிடும். நாற்பத்தேழாவது வீட்டில் நிற்கிறோம். இனி அந்தத் தெருவில் நான் யார் வீட்டுக்கும் வழி கேட்காமல் போகலாம்.

குளிரில் அவர் பல் அடிப்பது கேட்கிறது. பேச்சு நடுவே கடகடவென்று.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருநீறு, விளக்கு, டேப், கைப்பக்குவம் எல்லாம்.



நான்: "கண்ணு? இருக்கறயா?"

நூஹு: "நீங்க சாமி கும்பிட்டதுகூடப் பரவால்ல லாத்தா. அது தெரியாம நடந்தது. வெளக்கு வச்சியளே. அது தெரிஞ்சு செஞ்சது. என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? என் உசுரு இல்லையா அது?"

ரேடியோவை அணைத்துவிட்டார்.

பணிநாள் 12 — 15:10

அணைத்தபடியே இருக்கிறது.

பணிநாள் 12 — 16:30

தீ நீலம். குழாய் 82. ரேடியோவில் ஒன்றுமில்லை. சனிக் கிரகத்தைச் சுற்றி எத்தனையோ நிலா சுற்றுகிறதாம். அத்தனையிலும் சேர்த்து என்னிடம் பேச ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் பேசவில்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டியாவது விடலாம்.

பணிநாள் 12 — 17:05

நூஹு: "நாப்பத்தெட்டாவது வீடு, ஜெய்லானி காக்கா வீடு. அவங்க வீட்டுல ரெண்டு ஆடு."

அழுதுவிட்டேன்.

நூஹு: "அழாதீங்கோ. அழுதா கண்ணு மறைக்கும், தீ தெரியாது. எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்கோ. இனிமே அந்த பர்னர எதைக் கொண்டும் ஏமாத்தக் கூடாது. கை ஓஞ்சா ஓயட்டும். நெம்புகோல எதையும் போட்டுக் கட்டக் கூடாது. நீங்க வெடிச்சுப் போய்ட்டா அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

நான்: "சத்தியமாக் கட்ட மாட்டங் கண்ணு."

பணிநாள் 13 — 07:15

குடில்: மைனஸ் 9. விரிசல் பெரிதாகிவிட்டது. பணிநாள் 17 வரை அங்கே உயிரோடு இருக்க முடியாது. இரண்டு பேருக்கும் தெரியும்.

நடந்து வருகிறார். வேறு வழியில்லை. வண்டியை ஏழு பேரும் எடுத்துக்கொண்டு போய் இறங்குதளத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அது இதைவிடத் தூரம்.

திட்டம்: பதினான்கு கிலோமீட்டர், ஏழு மணி நேரம். அவர் உடையின் ஹீட்டர் பேட்டரி மூன்று மணி நேரம்தான் தாங்கும். ஆனால் வெந்நீர்க் குழாய் வழி நெடுக இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒரு வளைவு, அவர் குடிலிலிருந்து எண்ணினால் மொத்தம் பதிமூன்று. வளைவில் மட்டும் குழாய் மேல் உறை கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் ஹீட்டரை அணைத்துவிட்டு, குழாய் மேல் முதுகைச் சாய்த்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சூடு ஏறும். பேட்டரி மிச்சமாகும். அப்படியே வளைவுக்கு வளைவு.

குழாய் சூடாக இருந்தால்தான் இது நடக்கும். வெளியே இருக்கும் குளிருக்கு, தீ அணைந்த அரை மணியில் வளைவுகள் ஆறிவிடும். அதனால் இன்று எனக்கு அரை மணித் தூக்கம் கிடையாது.

சல்லடையைக் கடைசியாகக் கழுவி வைத்துவிட்டார். ஒரு நாளாவது தாங்கும் என்கிறார். உடை ரேடியோ இரண்டு கிலோமீட்டருக்குத்தான் எட்டும். பன்னிரண்டாம் வளைவுக்கு வரும்வரை அவர் குரல் கேட்காது.

நூஹு: "கெளம்புறேன் லாத்தா. துஆ செய்ங்கோ. உங்க சாமிகிட்டயும் சொல்லுங்கோ. இந்தத் தடவ தூசி பறக்காம."

நான்: "குழாயை உட்டு ஒரு அடி தள்ளிப் போகாத கண்ணு. சூடா வெச்சிருக்கறன். வா."

08:00 கிளம்பிவிட்டார். குழாய் 86. இதுவரை வைத்ததில் இதுதான் அதிகம்.

09:00 தீ நீலம். கணக்குப்படி முதல் வளைவு தாண்டி இரண்டாம் வளைவுக்கு வந்திருப்பார். திரும்பி வரும் நீர் ஒரு டிகிரி குறைந்து மறுபடி ஏறியது. அவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவ்வளவு துல்லியமாக இந்த மானி காட்டாது. தெரியும். நினைத்துக்கொள்கிறேன்.

10:15 நாலாம் வளைவு. கண் எரிகிறது. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்தேன், ஒரே கையால்.

11:00 ஆறாம் வளைவு. ஐம்பத்து மூன்றாம் வீட்டிலிருந்து நானே சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் சொன்னது ஐம்பத்திரண்டுவரைதான். அதற்கு மேல் வீடுகளை நானே கட்டிக்கொள்கிறேன். ஒரு வீட்டில் என்னையே குடி வைத்தேன்.

11:50 நின்றுகொண்டு பிடித்திருக்கிறேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நெம்புகோலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் முடிந்தது. கையைப் பார்க்கிறேன், துண்டைப் பார்க்கிறேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன். துண்டைத் தூக்கி அந்த மூலையில் எறிந்துவிட்டேன்.

12:30 தீ நீலம். எட்டு. ஒன்பது வந்திருப்பார். இன்னும் மூன்று வளைவு, குரல் கேட்

14:35

தூங்கிவிட்டேன்.

நின்றபடியே சரிந்திருக்கிறேன். தரையில் கிடந்தேன். நெம்புகோல் மூடியிருக்கிறது. தீ இல்லை. குழாய் 19.

14:52 உலையை ஊதிச் சுத்தம் செய்து பற்றவைத்துவிட்டேன். விதிப்படி ஐந்து நிமிடம் ஊத வேண்டும். ஊதினேன். அந்த ஐந்து நிமிடம் என் வாழ்நாளில் மறக்காது.

குறைந்தது ஒன்றரை மணி நேரம் வளைவுகள் பச்சைத் தண்ணீராகக் கிடந்திருக்கின்றன. ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அவர் இருந்த நேரம்.

கட்டியிருந்தால் எரிந்திருக்கும். ஏமாற்றக் கூடாத நாளில் ஏமாற்றினேன், ஏமாற்ற வேண்டிய நாளில் யோக்கியமாக நின்றேன். என் தலையெழுத்து எனக்குப் பரவாயில்லை. அந்தப் பையன் என்ன செய்தான்?

15:00 வர வேண்டிய நேரம். ரேடியோவில் அழைத்தேன்.

15:30 குழாய் 80. அழைத்தேன். பதில் இல்லை.

16:10 கப்பலிலிருந்து செய்தி:

கப்பல்: "பணிநாள் 17 இறக்கம் உறுதி. அதற்கு முன் இறங்க வழியில்லை. இருவரும் நலமா?"

நான்: "நான் கூடத்துல இருக்கறனுங். அவரு வந்துட்டு இருக்காருங்."

16:40 ரேடியோவில் ஒரு சத்தம். பேச்சு இல்லை. கடகடவென்று, பல் அடிப்பது போல. மூன்று வினாடி. இரைச்சலாகவும் இருக்கலாம். எனக்கு ஒரு காதுதான் கேட்கிறது. அழைத்தேன். கத்தினேன். மறுபடி வரவில்லை.

அது அவர்தான் என்றால் பன்னிரண்டாம் வளைவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். இரண்டு கிலோமீட்டருக்குள். உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. குழாய் மேல் சாய்ந்திருந்தால் இந்த நிமிடம் சூடு போய்க்கொண்டிருக்கும். நான் நெம்புகோலை விட்டுவிட்டுத் தூக்கி வரப் போனால் சூடு நின்றுவிடும். போகாவிட்டால் அவர் அங்கேயே கிடப்பார்.

பணிநாள் 13 — 17:00

இதை எடுத்துப் படிப்பவருக்கு.

நெம்புகோலைத் துண்டால் கட்டிவிட்டேன். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. சத்தியத்தை மீறியது நான்தான், வேறு யாரும் பொறுப்பில்லை. இப்போது தீயைப் பார்க்க யாருமில்லை. ஏரியில் சல்லடையைக் கழுவவும் யாருமில்லை. கேஸ் எப்போது வேண்டுமானாலும் நின்று மறுபடி வரலாம்.

ஆகவே கூடத்துக்குள் நேராக வராதீர்கள். வடக்குச் சுவரில் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. வெளியே நின்றே அதன் வழியாகப் பார்வைத் துளையைப் பாருங்கள். நீலம் தெரிந்தால் தாராளமாக வாருங்கள். தெரியாவிட்டால் உள்ளே கால் வைக்காதீர்கள், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். வெளியே இருக்கும் ஆக்சிஜன் தொட்டியின் பெரிய வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடிவிட்டு ஒரு நாள் காத்திருங்கள். தொட்டியில் மிச்சம் இருப்பது உங்கள் மூச்சுக்கு.

அப்புறம் எங்களைத் தேடுங்கள். குழாயை விட்டு ஒரு அடிகூடத் தள்ளிப் போயிருக்க மாட்டோம். பதிமூன்றாம் வளைவிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கே இல்லாவிட்டால் பன்னிரண்டு, பதினொன்று என்று போங்கள். நான் அவரைக் கண்டுபிடிக்கும்வரை திரும்ப மாட்டேன்.

தீ: நீலம். போகும் வெந்நீர்: 85. என் உடையின் பேட்டரி: முழுசாக இருக்கிறது, மூன்று மணி நேரம். மாற்றுப் பேட்டரி ஒன்றை அவருக்காக இடுப்பில் கட்டியிருக்கிறேன்.

ரேடியோவைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறேன். வழி நெடுகப் பேசிக்கொண்டே போவேன், ஐம்பத்து மூன்றாம் வீட்டிலிருந்து. அவர் காதில் விழுந்தால் தப்பைத் திருத்துவார்.